காப்பகத்து நாய் வழிக்கு வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மைனா எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு மார்கழிக் காலையில். கோவைக்கு வெளியே ஒரு காப்பகத்தில் ஒன்றரை வருடம் இருந்தவள். செவலை நிறம், கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு வெட்டு, பின்னங்காலில் லேசான நொண்டல். அதற்கு முன் இரண்டு குடும்பங்கள் அவளை அழைத்துப் போய், 'இது சரிப்பட்டு வராது' என்று திரும்பக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கிளம்பும்போது அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒரே ஒரு விஷயம்தான் சொன்னான்: "அக்கா, மூணு நாளைக்கு இவளைக் கண்டுக்காம விட்டுருங்க. அவளா உங்களைப் பார்க்கட்டும்."

அந்த ஒரு வரியின் முழு அர்த்தம் புரிய எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. இப்போது தெரிந்தவர்கள் யாராவது காப்பகத்திலிருந்து நாய் எடுத்தால், இரண்டாவது வாரம் எனக்குப் போன் வந்துவிடும். உறுமுகிறது, மூலையை விட்டு வரமாட்டேன் என்கிறது, வீடெல்லாம் மூத்திரம், கதவைப் பிறாண்டுகிறது. போனில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்டதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். முதல் இரண்டு பகுதிகளை எல்லோரும் படியுங்கள். அதன்பின் உங்கள் நாயின் அறிகுறி எதுவோ அங்கே போகலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: உடம்பில் வலி இருக்கிறதா?

பழக்கும் வேலையைத் தொடங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். 'முரட்டு நாய்' என்று பெயர் வாங்கிய எத்தனையோ நாய்களுக்கு உண்மையில் இருப்பது காதுப் புண், சொத்தைப் பல், தோல் அரிப்பு அல்லது சரியாகக் கூடாத எலும்பு. நம் ஊரில் கூடுதலாக உண்ணிக் காய்ச்சலும் உண்டு. எர்லிக்கியா, பெபீசியா இரண்டும் உண்ணி கடித்துப் பரவுகிறவை. நாய் சோர்ந்து கிடக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகரும், ஈறு வெளுத்திருக்கும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். பயந்து ஒடுங்கியிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். ஒரு ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும்.

மைனா இடுப்புக்குக் கீழே கை போனால் சட்டென்று திரும்பிப் பல்லைக் காட்டுவாள். எக்ஸ்ரே எடுத்தபோது தொடை எலும்பு எப்போதோ முறிந்து, யாரும் கட்டுப்போடாமல் தானாகவே கோணலாகக் கூடியிருந்தது தெரிந்தது. வண்டி ஏதோ மோதியிருக்க வேண்டும். அந்தப் படத்தை மருத்துவர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது என் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். வலிக்கு மருந்து கொடுக்கத் தொடங்கிய இரண்டாவது வாரம், தொட்டால் சீறுவது பாதியாகக் குறைந்தது. அதற்கு நாங்கள் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை.

வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலும் ஆபத்துதான்.

கையில் வைத்திருக்க வேண்டிய அளவுகோல்: ஈரல் துண்டு

கோழி ஈரல் நூறு கிராம் வாங்கி, உப்பு போடாமல் வேகவைத்து, கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரல் வாடை ஆகாத வீடு என்றால் பனீரோ வேகவைத்த முட்டையோ போதும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எதுவும் கூடாது. ஒரு நாள் சாப்பாட்டில் இந்தத் தீனி பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

இதைப் பரிசாகக் கொடுக்கத்தான் செய்வீர்கள். ஆனால் அதைவிட முக்கியமான வேலை ஒன்று இதற்கு இருக்கிறது. நாயின் உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. தீனியை வாங்குகிறதா, எப்படி வாங்குகிறது என்பது மட்டும் தெரியும். நிதானமாக நாக்கால் எடுத்தால் நாய் சரியாக இருக்கிறது. விரலோடு சேர்த்துக் கவ்வினால் பதற்றம் ஏறிக்கொண்டிருக்கிறது. மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால், எது அதைப் பயமுறுத்துகிறதோ அதற்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறீர்கள். பின்னால் நகருங்கள், வாங்குகிற இடம் வரைக்கும். கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் மருந்து அந்தத் தூரம்தான். நாய்க்கு நாய் அது மாறும். ஒரே நாய்க்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

அறிகுறி: மூலையில் போய்ப் படுத்துவிட்டது, எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது

வீடு என்பதே அதற்குப் புதிது. வழுக்கும் டைல்ஸ், தலைக்கு மேல் சுற்றும் ஃபேன், குக்கர் விசில், மிக்ஸி, துடைப்பம். குட்டி நாய்க்கு உலகம் பழக்கமாகிற பருவம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை. அந்தக் காலத்தில் அது தெருவிலோ கூண்டிலோ இருந்திருந்தால், நம் வரவேற்பறையில் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் வளர்ந்தபின் முதல் தடவையாகப் பார்க்கிறது.

நாய் வளர்ப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதிர்ச்சி அடங்க மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று தோன்ற மூன்று மாதம். தோராயக் கணக்குதான். மைனாவுக்கு ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு ஆனது.

அது தேர்ந்தெடுத்த மூலையையே அதற்குக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது சாப்பாட்டு மேசைக்கு அடியில். மேலே ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டு, தரையில் சாக்கும் கோணிப்பையும் விரித்தோம், கால் வழுக்காமல் இருக்க. தண்ணீர், சாப்பாடு இரண்டையும் அங்கேயே நகர்த்தி வைத்தோம். எட்டிப் பார்த்துக் கொஞ்சுவது, கையை நீட்டி முகரக் கொடுப்பது, இழுத்து வெளியே கொண்டுவருவது மூன்றும் கூடாது. சொந்தக்காரர்களையும் இரண்டு வாரத்துக்கு வரச் சொல்லாதீர்கள். பார்க்க ஆசைப்படுவார்கள், சங்கடமாகத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

தினமும் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிடம், ஏழெட்டு அடி தள்ளித் தரையில் உட்காருங்கள். நாய்க்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில். புத்தகம் படியுங்கள், கீரை ஆயுங்கள். நடுநடுவே ஒரு ஈரல் துண்டை அதன் பக்கமாகத் தரையோடு உருட்டிவிடுங்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் திரும்பிப் பார்க்க வேண்டாம். நேரம் முடிந்ததும் எழுந்து போய்விடுங்கள். இரவில் எல்லோரும் தூங்கியபின் சாப்பிடும் நாய்கள் நிறைய. காலையில் கிண்ணம் காலியாக இருந்தால் அந்த நாள் நல்ல நாள்.

குக்கர் விசிலுக்கு மைனா மேசைக் காலில் தலையை முட்டிக்கொண்டு நடுங்குவாள். அதற்கு நாங்கள் செய்தது இது. மூன்று வாரம் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் குக்கர் வைத்தோம். விசில் வந்த மறுநொடி, நான் மேசைக்கு அடியில் ஒரு ஈரல் துண்டை உருட்டுவேன். விசில், பிறகு ஈரல். இந்த வரிசை ஒருநாளும் மாறக்கூடாது. ஈரலை முதலில் காட்டிவிட்டு விசில் வந்தால், ஈரலைப் பார்த்தாலே அடுத்து ஏதோ வரப்போகிறது என்று நாய் பயப்படக் கற்றுக்கொள்ளும். முதல் வாரம் உருண்டு போன துண்டு அப்படியே கிடந்தது. பத்தாவது நாள் விசில் அடங்கியபின் மெதுவாக எடுத்தாள்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். 24 மணி நேரம் தண்ணீர் குடிக்கவில்லை, அல்லது இரண்டு நாள் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் பயம்தானே என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் போங்கள்.

அறிகுறி: சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறது

உறுமலை அடக்காதீர்கள். இதில் நான் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'கிட்ட வராதே' என்று சொல்ல நாய்க்கு இருக்கும் வார்த்தை அது. அதட்டி, அடித்து உறுமலை நிறுத்திவிட முடியும். பயம் அப்படியே உள்ளே இருக்கும், சொல்லும் வழி மட்டும் அடைபட்டுவிடும். 'எந்தச் சத்தமும் போடாமல் திடீரென்று கடித்துவிட்டது' என்று சொல்லப்படும் நாய்களில் பலவற்றுக்கு யாரோ முன்பு உறுமக்கூடாது என்று கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

உறுமலுக்கு முன்னாலேயே நாய் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். சாப்பிடும் வேகம் கூடும். பிறகு வாய் கிண்ணத்திலேயே இருக்க, உடம்பு அசையாமல் நின்றுவிடும். கண் மட்டும் ஓரமாக நம் பக்கம் வரும், வெள்ளை விழி பிறை மாதிரி தெரியும். அந்த நிலையில் இன்னொரு அடி எடுத்து வைத்தால்தான் உறுமல்.

'சாப்பாட்டில் கை விட்டுப் பழக்கு, நீதான் தலைவன் என்று தெரியட்டும்' என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். இந்தத் தலைவன் கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர் ஓநாய்களைப் பற்றி எழுதினார். அவர் பார்த்தது விலங்குக் காட்சிசாலையில் சேர்த்து அடைக்கப்பட்ட ஓநாய்களை. அவை ஒன்றையொன்று அடக்கிக்கொண்டுதான் இருந்தன. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், பின்னால் காட்டில் ஓநாய்களைப் பல வருடம் கவனித்துவிட்டு, 1999-இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு தாய், தகப்பன், அவற்றின் பிள்ளைகள். அங்கே தலைமைக்குச் சண்டை போடும் வேலையே இல்லை. பசியில் வளர்ந்த நாயின் தட்டில் கை வைத்தால் அதற்குப் புரிவது ஒன்றுதான்: மனிதர்கள் வந்தால் சோறு போய்விடும்.

அதற்கு நேர்மாறானதைப் புரியவைக்க வேண்டும்.

1. சாப்பாட்டை ஒதுக்குப்புறமாக, சுவரோரம் வையுங்கள். உடம்பு இறுகாமல் நிதானமாகச் சாப்பிட, நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். மைனாவுக்கு ஒன்பது அடி. தரையில் சாக்பீஸால் கோடு போட்டோம்.

2. அந்தக் கோட்டின் மேலேயே, நாயைப் பார்க்காமல் குறுக்கே நடந்து போங்கள். போகிற போக்கில், கிண்ணத்தில் இருப்பதைவிட ருசியான ஒன்றை அதன் பக்கமாகப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். ஒரு வேளைக்கு மூன்று தடவை போதும்.

3. நீங்கள் வரும்போது நாய் தலையைத் தூக்கி, வாய் தளர்ந்து, 'இப்போது என்ன வரும்' என்று எதிர்பார்க்கும். நான்கைந்து நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் அரை அடி உள்ளே வாருங்கள்.

4. ஒரு தடவை இறுகினாலும் பழைய கோட்டுக்குத் திரும்புங்கள். உறுமிவிட்டதா? எதுவும் சொல்லாமல் நகருங்கள். அடுத்த வேளை ஒரு அடி கூடுதலாக விடுங்கள்.

ஒன்பது அடியிலிருந்து கிண்ணத்தின் பக்கம் வந்து சேர எங்களுக்கு நாலரை மாதம் ஆனது. நடுவில் தீபாவளிக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் வேண்டுமென்றே கிண்ணத்தை இழுத்துப் பார்த்ததில் மூன்று வாரம் பின்னால் போனோம். அதனால் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் நாய் சாப்பிடும் நேரம் அறைக் கதவு சாத்தியே இருக்க வேண்டும். இந்தப் பயிற்சி பெரியவர்களுக்கு மட்டும்.

கிண்ணம் தவிர, கிடைத்ததை எல்லாம் கவ்விக்கொண்டு போய்ப் பதுங்குகிற நாய்க்கும் இதே வழிதான். துரத்தாதீர்கள், வாயைத் திறந்து பிடுங்காதீர்கள். எங்கள் அத்தையின் மூக்குக்கண்ணாடியை மைனா ஒரு நாள் மேசைக்கு அடியில் கொண்டுபோய்விட்டாள். நான் பதறிப்போய் எழுந்தேன். அத்தை என் தோளைத் தொட்டு உட்காரவைத்துவிட்டு, அடுக்களைக்குப் போய் ஒரு முட்டையை உடைத்து எடுத்து வந்தார். மேசையிலிருந்து ஆறடி தள்ளி வைத்துவிட்டு, "இந்தாடி மைனா, இது உனக்கு, அது எனக்கு" என்றார். அவள் முட்டைக்கு வந்தாள், அவர் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். ஒரு கீறல்கூட இல்லை. நாய்களை அவ்வளவாகப் பிடிக்காத என் மாமியாருக்கு நான் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. பிள்ளை வளர்த்த கை அது.

அறிகுறி: கடித்துவிட்டது

முதலில் காயம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வைக்கக்கூடாது. அப்புறம் உடனே மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்த காயம் என்றால் அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற உடனடி எதிர்ப்பு மருந்தும் வேண்டும். 'நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறதே' என்று விட்டுவிடாதீர்கள். முடிவை மருத்துவர் எடுக்கட்டும். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை.

நாயை 10 நாள் வீட்டிலேயே வைத்துக் கவனியுங்கள். அடிக்காதீர்கள். கடித்த அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று மறப்பதற்குள் எழுதிவையுங்கள்: யார், எங்கே, கை எந்தப் பக்கமிருந்து வந்தது, நாய் தூங்கிக்கொண்டிருந்ததா, அன்றைக்கு வேறு என்னென்ன நடந்தது. கால்நடை மருத்துவருக்கும் பயிற்சியாளருக்கும் அந்தத் தாள்தான் வேண்டும். அடித்தோ, முள் பட்டை மாட்டியோ, ஷாக் பட்டை மாட்டியோ பழக்குகிறேன் என்று சொல்லும் பயிற்சியாளரிடம் பயந்த நாயைக் கொடுக்காதீர்கள்.

வாயில் மாட்டும் கூடையையும் பழக்கிவிடுங்கள். துணியால் இறுக்கிக் கட்டுவது வேண்டாம். நம் வெயிலுக்கு நாய் வாயைத் திறந்து மூச்சுவாங்கியாக வேண்டும். கூடைக்குள் தயிரைத் தடவிக் காட்டுங்கள், மூக்கைத் தானாக உள்ளே விடட்டும். வாரைப் பூட்டுவது ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: பெல்ட் போட்டதும் படுத்துக்கொள்கிறது, வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறது

கழுத்தில் கயிறு விழுந்தது என்றால் பிடிபட்டோம் என்று அர்த்தம். தெருவில் பிடிக்கப்பட்ட நாய்க்கு அந்த நினைவு இருக்கும். அதனால் பெல்ட்டைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போட்டு, முடிந்ததும் கழற்றுங்கள். ஒரு வாரத்தில் பெல்ட்டைப் பார்த்தால் கிண்ணத்தைப் பார்க்கும். அப்புறம் வாசல், அப்புறம் மாடிப்படி, அப்புறம் கேட். ஒவ்வொரு இடத்திலும் தீனி வாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. எங்களுக்கு இரண்டாவது மாடியிலிருந்து கேட் வரைக்கும் போய்ச்சேரவே பதினெட்டு நாள்.

நம் நாட்டு நாய்களுக்குத் தலை குறுகல், கழுத்து தடிமன். பயந்து பின்னால் இழுத்தால் சாதாரண பெல்ட் காதோடு உருவிக்கொண்டு வந்துவிடும். காப்பகத்து நாய்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை ஒன்று, மார்போடு பிடிக்கும் ஹார்னஸ் ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. முதல் மூன்று மாதம் இதை விடாதீர்கள். பட்டையில் உங்கள் போன் எண்ணைப் பொறித்த தகடு இருக்கட்டும்.

அறிகுறி: தெருநாய், பைக், சீருடைக்காரர் யாரைப் பார்த்தாலும் எகிறிக் குரைக்கிறது

பார்க்கக் கோபம் மாதிரி இருக்கும். பெரும்பாலும் அது பயம். குரைத்தால் அவர்கள் போய்விடுகிறார்கள் என்று நாய் கற்றுக்கொண்டிருக்கிறது. கயிற்றில் இருப்பதால் ஓடவும் வழியில்லை.

நடக்கும் நேரத்தை மாற்றுங்கள். காலை ஐந்தரைக்குப் போனால் பள்ளி வேன், பால் வண்டி, மாநகராட்சிக் குப்பை வண்டி எதுவும் இருக்காது. தூரத்தில் ஒரு நாய் தெரிகிறதா? மைனா அதைப் பார்த்த உடனே, குரைப்பதற்கு முன், ஒரு துண்டு. மறுபடி பார்த்தாள், மறுபடி ஒரு துண்டு. அந்த நாய் கண்ணிலிருந்து மறைந்ததும் தீனியும் நின்றுவிடும். சில வாரத்தில், வேறொரு நாயைப் பார்த்தவுடன் அவள் தலை என் பக்கம் திரும்பத் தொடங்கியது. அந்தத் திரும்பலைப் பார்த்த நாளை நான் மறக்க மாட்டேன். திருச்சி ரோட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை, முள்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை நாய், நடுவில் ஐம்பது அடி.

குரைக்கத் தொடங்கிவிட்டால் அப்போது எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. திரும்பி நடங்கள். அதற்காக 'வா போலாம்' என்றால் சட்டென்று திரும்பி உங்கள் கூட வருவதை வீட்டுக்குள்ளேயே ஐம்பது தடவை பழக்கியிருக்க வேண்டும். தெருநாய்க் கூட்டம் சூழ்ந்தால் ஒரு கைப்பிடித் தீனியை அவற்றின் பக்கம் வீசிவிட்டு எதிர்த்திசையில் நிதானமாக நடங்கள். அது அவற்றின் தெரு, நாம்தான் போயிருக்கிறோம்.

அறிகுறி: வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது

எப்போது கழிக்கிறது என்று பாருங்கள். நீங்கள் குனியும்போதா? அது பயம். குனியாதீர்கள், உட்கார்ந்து பழகுங்கள். தூங்கும்போது படுக்கை நனைகிறதா? கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு ஹார்மோன் குறைவால் அப்படிக் கசிவது உண்டு, மருந்தில் சரியாகும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். இதெல்லாம் இல்லை என்றால் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். கூண்டில் சிமென்ட் தரையிலேயே எல்லாம் செய்து வளர்ந்த நாய்க்குச் சிமென்டும் டைல்ஸும் ஒன்றுதான்.

எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், படுக்கப் போகுமுன் ஒவ்வொரு தடவையும் வெளியே ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். முடித்ததும் அங்கேயே தீனி. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்கு என்று அதற்குத் தெரியாது. உள்ளே போய்விட்டால் மூக்கை அதில் தேய்ப்பதெல்லாம் வேண்டாம், பேசாமல் துடையுங்கள். அம்மோனியா கலந்த கிளீனர் சிறுநீர் வாடையைப் போலவே இருக்கும், மறுபடி அங்கேயே போகும். என்சைம் உள்ள திரவம் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் வினிகரும் தண்ணீரும்.

அறிகுறி: தனியாக விட்டுப் போனால் ஊளை, கதவெல்லாம் நகக்கீறல்

பழைய போன் ஒன்றை வீடியோவில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். அரை மணி கழித்துச் சலித்துப்போய்ச் செருப்பைக் கடிக்கும் நாய்க்கு வேலை இல்லை, அவ்வளவுதான். காலையில் கொஞ்சம் கூடுதலாக நடக்கவைத்து, மென்றுகொண்டிருக்க ஏதாவது கொடுத்துவிட்டுப் போனால் போதும். கதவு சாத்திய நிமிடத்திலிருந்தே எச்சில் வடிய அங்கும் இங்கும் அலைந்தால், அது பிரிவுப் பதற்றம்.

சாவியை எடுப்பது, கைப்பையை மாட்டுவது, செருப்பைப் போடுவது என்று நம் கிளம்பும் அடையாளங்களை நாய் வரிசையாக அறிந்திருக்கும். அவற்றை வெறுமனே செய்துகாட்டுங்கள். சாவியை எடுத்துவிட்டு உட்கார்ந்து டிவி பாருங்கள். பையை மாட்டிக்கொண்டு அரிசி களையுங்கள். அது கண்டுகொள்ளாமல் இருக்கத் தொடங்கியபின், கதவுக்கு வெளியே ஐந்து விநாடி. பிறகு பத்து, முப்பது, இரண்டு நிமிடம். பதறுவதற்கு முன்னால் உள்ளே வந்துவிட வேண்டும். இந்த வாரங்களில் முழுநேரம் தனியாக விடாமல் இருக்க வீட்டில் ஆளோ, பக்கத்து வீட்டுக்காரர் உதவியோ ஏற்பாடு செய்தாக வேண்டும். கஷ்டமான பகுதி இதுதான்.

கடுமையாக இருந்தால் மருந்தைப் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். ஃப்ளூயாக்ஸடினை நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கு அமெரிக்காவில் 2007-இலேயே அங்கீகரித்திருக்கிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். மருத்துவர் எழுதித்தரும் அளவுதான், நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

அறிகுறி: பட்டாசு, இடி

தமிழ்நாட்டில் தீபாவளியன்று வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. ஆனாலும் வாரம் முழுக்கச் சத்தம் கேட்கும் என்றே திட்டமிடுங்கள். விடிவதற்கு முன்பும் மத்தியானமும் மட்டும் வெளியே, அதுவும் இரட்டைக் கயிற்றில். ஜன்னல் குறைவான உள்ளறை, ஃபேன், டிவி, போர்வை. நாய் உங்கள் மேல் ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள். ஆறுதல் சொல்வதால் பயம் அதிகமாகாது. மருந்து வேண்டுமென்றால் பண்டிகைக்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, அமைதியான ஒரு நாளில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். அசிப்ரோமசின் என்ற மந்தப்படுத்தும் மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு தளர்ந்து கிடக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். அதனால் வேறு என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

அறிகுறி: நன்றாக வந்துகொண்டிருந்தது, திடீரென்று பழையபடி ஆகிவிட்டது

மறுபடி முதல் பகுதிக்குப் போங்கள்: வலி. அது இல்லை என்றால், கடந்த இரண்டு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் தெருநாய்ச் சண்டை, மத்தியானம் கேஸ் சிலிண்டர்காரர், சாயங்காலம் இடி, ராத்திரி விருந்தாளி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாங்கும் நாய் நான்கும் சேர்ந்தால் தாங்காது. இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுங்கள். நடை வேண்டாம், பயிற்சி வேண்டாம். மாடியில் ஒரு பழைய துண்டுக்குள் தீனியைச் சுருட்டி வைத்துத் தேடவிடுங்கள். முகர்ந்து தேடும் நாய் தானாக அமைதியாகும்.

மைனா வந்து மூன்று வருடம் ஆகிறது. குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வந்து அடுக்களை வாசலில் உட்கார்கிறாள், ஈரலுக்கு. இடுப்பில் என் மகன் கை வைத்தால் திரும்பிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். காக்கிச் சட்டைக்காரர்களிடம் மட்டும் இன்னும் நாற்பதடிக்குள் வரமாட்டாள். எங்கள் வாட்ச்மேன் அண்ணனுக்கு அது தெரியும். காலையில் நாங்கள் இறங்கும் சத்தம் கேட்டால் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, அவராகவே பம்ப் ரூம் பக்கம் தள்ளிப் போய் நின்றுகொள்வார். அவள் தாண்டியதும், "போயிட்டு வா கண்ணு" என்பார்.